இண்டிப்பேரைத் தேடிப் போவது எப்படி: நகரி, புத்தூர், திருத்தணிப் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களுக்கு

எங்கள் வீட்டு ஆதார் அட்டைகளை மேசைமேல் வரிசையாக வைத்தால் ஒரே குடும்பத்துக்கு மூன்று இண்டிப்பேர், அதாவது தெலுங்கு வழக்கில் ஆள் பேருக்கு முன்னால் நிற்கும் வீட்டுப்பேர், வரும். அப்பாவுக்கு மேகல. எனக்கு மேகலா. தம்பிக்கு, அவன் படித்த காலேஜில் யாரோ தட்டியபடி, மெகலா. 'மேகலான்றது நம்ம கொள்ளுப்பாட்டி பேருடா' என்று அத்தை அடித்துச் சொல்வாள். 'இல்ல, மேகம். நம்ம வீட்டுப் பெரியவர் ஒருத்தர் பூசை போட்டா மழை வரும்' என்பார் பெரியப்பா. இரண்டும் தப்பு என்று தெரிய எனக்கு நாலு வருஷம் ஆனது. போன வழி கோணல். நேர்வழியில் போயிருந்தால் நாலைந்து மாதத்தில் முடிந்திருக்கும். அந்த நேர்வழியைத்தான் இங்கே எழுதுகிறேன்.

வீட்டில் தமிழ் பேசி, பள்ளிக்கூடத்தில் தெலுங்கு படித்து, ஆபீஸ் கட்டத்தில் இங்கிலீஷில் பேர் எழுதும் சனங்களுக்கானது இது. நகரி, புத்தூர், சத்தியவேடு, சித்தூர், குப்பம் என்று ஆந்திரப் பக்கம் இருப்பவர்களுக்கும், மாநில எல்லைக் கோட்டுக்கு இந்தப் பக்கம், தமிழ்நாட்டுத் திருத்தணி, பள்ளிப்பட்டில் இருப்பவர்களுக்கும் பொருந்தும்.

எல்லோரும் செய்யும் தப்பு ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பேரைப் பார்த்ததும் அகராதியைத் திறக்காதீர்கள். அர்த்தம் கடைசி வேலை. இந்த எல்லைப் பக்கத்தில் பல வீடுகளுக்குப் பேர் வைத்தது அந்த வீட்டுக்காரர்கள் இல்லை; கர்ணம் (ஊர்க் கணக்கு எழுதுபவர்), பள்ளிக்கூட வாத்தியார், பத்திரம் எழுதுபவர், இப்போது கம்ப்யூட்டர் பையன். உங்கள் பேரை முதலில் எழுதியவர் யார், எந்த மொழிக்காரர், எந்த எழுத்தில் எழுதினார் என்பதைப் பிடித்துவிட்டால் அர்த்தம் தானாக வந்து நிற்கும்.

உங்களிடம் இருப்பது என்ன வகைப் பேர்?

தெலுங்கு வழக்கில் இண்டிப்பேர் முன்னால் நிற்கும், சொந்தப் பேர் பின்னால் வரும். நாயுடு, ரெட்டி, ராஜு எல்லாம் கடைசியில் ஒட்டும் பட்டம். அவை இண்டிப்பேர் இல்லை. தமிழ் வழக்கில் முன்னால் இருக்கும் எழுத்து அப்பா பேர். சில வீடுகளில் அதற்கும் முன்னால் ஊர் எழுத்து ஒன்று இருக்கும். இரண்டு வழக்கும் ஒரே தெருவில் புழங்குவதால் குழப்பம் சும்மா வராது.

திருத்தணியில் 1888-இல் பிறந்த ராதாகிருஷ்ணனை எடுத்துக்கொள்ளுங்கள். எஸ். ராதாகிருஷ்ணன் என்றால் தமிழ்நாட்டுப் பிள்ளை ஒன்று 'எஸ்' அப்பா பேர் என்றுதான் நினைக்கும். அப்பா பேர் வீராசாமி. எஸ் என்பது சர்வேபள்ளி; நெல்லூர் மாவட்டத்து ஊர். குடும்பம் ஊரை விட்டுத் திருத்தணிக்கு வந்துவிட்டது, ஊர் மட்டும் பேரோடு ஒட்டிக்கொண்டு வந்தது. திருவாரூரில் பிறந்து திருவையாற்றில் வாழ்ந்து முடித்த தியாகராஜருக்கும் காகர்ல என்பதுதான் வீட்டுப் பேர். காவேரிக் கரையில் இருந்துகொண்டு ஆந்திரத்து ஊர்ப் பேரைச் சுமந்தவர்.

சோதிக்க எளிய வழி உண்டு. தாத்தா, அப்பா, நீங்கள் என்று மூன்று தலைமுறைக்கு இனிஷியலை எழுதிப் பாருங்கள். மூன்றிலும் ஒரே எழுத்து நின்றால் அது இண்டிப்பேராக இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. தலைமுறைக்குத் தலைமுறை மாறினால் அது தமிழ் இனிஷியல். அதில் தோண்ட ஒன்றும் இல்லை. முதல் இரண்டில் மாறி, பிறகு நின்றுபோயிருந்தால் யாரோ ஒரு கிளார்க் 'மீ இண்டி பேரு?' என்று கேட்டு, பதில் தெரியாமல் முழித்தவரின் அப்பா பேரையே அந்தக் கட்டத்தில் எழுதிவிட்டார் என்று அர்த்தம். முனுசாமி, கங்காதரம் என்று இண்டிப்பேர் வைத்திருக்கும் தமிழ்க் குடும்பங்கள் பெரும்பாலும் இப்படி வந்தவை. அவர்கள் தேடல் அந்த முனுசாமி யார் என்று கண்டுபிடிப்பதோடு முடிந்துவிடும். பாஸ்போர்ட்டில் 'சர்நேம்' கட்டம் வந்த பிறகு கோட்டுக்கு இந்தப் பக்கமும் இதே கதை ஓடிக்கொண்டிருக்கிறது.

இன்னொரு வகை உண்டு: காகிதத்தில் வராத பேர். மேட்டு வீடு, கிணத்து வீடு, பெரியதனக்காரர் வகையறா, கர்ணம் வீடு என்று ஊர் வாயில் மட்டும் புழங்குவது. இதை யாரும் மதிப்பதில்லை. என் அனுபவத்தில் காகிதத்துப் பேரைவிட இதுதான் உண்மையைச் சொல்லும். இதையும் நோட்டில் குறித்து வையுங்கள்.

வீட்டுக் காகிதங்கள்

பீரோ, டிரங்குப் பெட்டி, பரணை எல்லாவற்றையும் ஒரு நாள் உட்கார்ந்து கொட்டிவிடுங்கள். தேட வேண்டியவை: பழைய கிரயப் பத்திரம், பாகப் பத்திரம், அடமானப் பத்திரம், பள்ளிக்கூட டிசி, ஜாதகக் கட்டு, பழைய ரேஷன் கார்டு, வரி ரசீது, சாவுக்குப் போட்ட கருமாதிப் பத்திரிகை. கல்யாணப் பத்திரிகையைத் தூக்கிப் போடாதீர்கள். அதில் மாப்பிள்ளை வீட்டார், பெண் வீட்டார் என்று இரண்டு பக்கத்து ஊரும் பேரும் இருக்கும். அச்சகத்துக்காரர் தெலுங்கில் ஒரு பக்கம், தமிழில் ஒரு பக்கம் அடித்திருந்தால் இன்னும் நல்லது.

ஒவ்வொரு காகிதத்திலும் நாலு விஷயம் எழுதிக்கொள்ள வேண்டும். பேர் எப்படி எழுதியிருக்கிறது, எழுத்துக்கு எழுத்து அப்படியே. எந்த லிபி. என்ன தேதி. யார் எழுதியது. நீங்களாகத் திருத்தி எழுதினால் தடயம் போய்விடும். 'கொல்லபல்லி' என்று இருந்தால் கொல்லபல்லி என்றே எழுதுங்கள், 'கொல்லப்பள்ளி' என்று அழகுபடுத்த வேண்டாம்.

எங்கள் வீட்டில் கிடைத்தது மூன்று. தாத்தாவின் பாகப் பத்திரம் தமிழில் இருந்தது, அதில் 'மேகல வீட்டு' என்று ஒரே ஒரு இடத்தில். அப்பாவின் டிசி தெலுங்கில், அதில் மேகம் என்று எழுதும்போது வரும் கனமான 'க'. என் பத்தாம் வகுப்பு சர்டிபிகேட் இங்கிலீஷில், நடுவில் 'ஜி' எழுத்து. மூன்றையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதே எனக்கு விளங்கியிருக்க வேண்டும். விளங்கவில்லை.

பெரியவர்களிடம் என்ன கேட்பது

'நம்ம பேருக்கு என்ன அர்த்தம்?' என்று கேட்காதீர்கள். கேட்டால் மழை பெய்த கதைதான் வரும். கேட்க வேண்டியது வேறு.

யார் செத்தால் நமக்குத் தீட்டு? பத்து நாள் தீட்டுக் காக்கும் வீடுகள் எவை? இதற்கு அவ்வா (பாட்டி) யோசிக்காமல் பதில் சொல்வாள். ஏனென்றால் அது அவள் சமையலறையைப் பாதித்த விஷயம். அந்த வீடுகள்தான் உங்கள் பங்காளிகள். தெலுங்கு வீடுகளில் தாயாதிகள் என்பார்கள். அந்த வீடுகளின் இண்டிப்பேர் உங்களுடையதோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். தீட்டு உண்டு, பேர் வேறு என்றால் எங்கோ ஒரு இடத்தில் பேர் பிரிந்திருக்கிறது. அந்தப் பிரிவில்தான் விடை இருக்கும்.

எந்த வீட்டோடு பெண் கொடுத்து எடுப்பதில்லை, ஏன்? ஒரே இண்டிப்பேருக்குள் கல்யாணம் பண்ணக்கூடாது என்பது தெலுங்கு வழக்கு. தமிழ் வீடுகள் பங்காளி முறை பார்க்கும். பேர் வேறாக இருந்தும் 'அவங்க நமக்கு அண்ணன் தம்பி முறை' என்று ஒதுக்கும் வீடு இருந்தால் அதையும் குறியுங்கள்.

குலதெய்வம் எது, எந்த ஊரில், முதல் முடி எங்கே இறக்கினார்கள்? காது குத்து எந்த ஊரில், யார் மடியில்?

இந்த ஊருக்கு வந்தவர் யார், எந்தப் பக்கமிருந்து? 'மேக்கத்தி', 'வடக்கத்தி' என்று திசையாகச் சொன்னாலும் போதும்.

ஒருவரை மட்டும் கேட்டு முடிக்காதீர்கள். கல்யாணமாகி வெளியூர் போன அத்தைமார்களை விட்டுவிடாதீர்கள். பிறந்த வீட்டை அவர்கள் நினைவு வைத்திருப்பதுபோல அங்கேயே இருக்கும் ஆம்பிளைகள் வைத்திருப்பதில்லை. போனில் பதிவு செய்துகொள்ளுங்கள். உச்சரிப்புத் தேவைப்படும், எதற்கென்று இனி வருகிறது.

எழுத்து மாறினால் அர்த்தம் மாறும்

இந்த வேலையில் ருசியான இடம் இதுதான், ஏமாறும் இடமும் இதுதான்.

தெலுங்கில் க வரிசைக்கு நாலு எழுத்து. தமிழுக்கு ஒன்று. தெலுங்குப் பேர் தமிழ் லிபிக்குள் வந்தால் நாலும் ஒன்றாகிவிடும். திரும்பத் தெலுங்குக்குப் போகும்போது எழுதுகிறவர் நாலில் ஒன்றைத் தன் காதை நம்பித் தேர்ந்தெடுப்பார். இப்படி இரண்டு தடவை எல்லை தாண்டின பேர் என்ன ஆகும் என்பதற்குச் சில உதாரணம்:

கொல்ல என்று தமிழில் எழுதியிருந்தால் கொல்லர், அதாவது இரும்பு அடிப்பவர் என்று படிப்போம். தெலுங்கில் மெலிந்த ஒலியோடு தொடங்கும் கொல்ல என்றால் மாடு மேய்ப்பவர். கொல்லபல்லி இடையர்கள் ஊர், கொல்லர்கள் ஊர் இல்லை.

நல்ல என்றால் நமக்கு நல்லது. தெலுங்கில் கருப்பு. நல்லகொண்ட நல்ல மலை இல்லை, கருமலை. கொண்ட என்பதே நமக்கு 'உடைய', அவர்களுக்கு மலை.

காலி என்ற இண்டிப்பேரை நகரி, புத்தூர்ப் பக்கம் கேள்விப்படாதவர் இல்லை. தமிழில் அது வெறுமை. தெலுங்கில் காற்று.

கொத்த என்றால் தெலுங்கில் புதிய. கொத்தபல்லி என்பது நம் புதுப்பட்டிக்குச் சமம். பாத என்றால் பழைய. பாதத்துக்கும் அதற்கும் உறவில்லை. பண்டி என்று தமிழில் எழுதியிருந்தால் அது வண்டி.

இனி மேகல. தெலுங்கில் மேக என்றால் ஆடு. வல்லினமான முதல் 'க'. ஆனால் தமிழ் வாய்க்கு இரண்டு உயிருக்கு நடுவில் வரும் ககரத்தை வல்லினமாகச் சொல்ல வராது. 'மகன்', 'முகம்' சொல்வதுபோல மெலிந்துதான் வரும். எங்கள் தாத்தா அப்பாவைப் பள்ளியில் சேர்க்கப் போய் இண்டிப்பேரைத் தமிழ் வாயால் சொல்லியிருக்கிறார். தெலுங்கு வாத்தியாருக்கு மெலிந்த 'க' கேட்டிருக்கிறது. அவருக்குத் தெரிந்த சொல் மேகம். மேகத்துக்கு எழுதும் எழுத்தை எழுதிவிட்டார். அங்கிருந்து இங்கிலீஷுக்குப் போய், அங்கிருந்து ஒரு பெண்பிள்ளை பேராகத் திரும்பி வந்திருக்கிறது. பெரியப்பாவின் மழை அந்த ஒரு எழுத்திலிருந்து பெய்த மழை.

ஆகவே செய்ய வேண்டியது: உங்கள் பேருக்குத் தெலுங்கில் எத்தனை விதமாக எழுத்துக் கூட்ட முடியும் என்று எல்லாவற்றையும் எழுதுங்கள். க, ச, ட, த, ப வரும் இடமெல்லாம் வல்லினம், மெல்லொலி இரண்டையும் போட்டுப் பாருங்கள். ல, ள மாற்றிப் பாருங்கள். குறில் நெடில் மாற்றிப் பாருங்கள். தெலுங்கு நன்றாகத் தெரிந்த பெரியவர் ஒருவரிடம் அந்தப் பட்டியலைக் காட்டி, 'இதில் எது இண்டிப்பேர் மாதிரிக் கேட்கிறது?' என்று கேளுங்கள். பாதி அவர் சிரித்து அடித்துவிடுவார். மிச்சத்துக்குத்தான் அகராதி. தெலுங்குக்கு 1852-இல் வந்த பிரவுன் அகராதி, தமிழுக்குச் சென்னைப் பல்கலைக்கழகத்துப் பேரகராதி, இரண்டும் சிகாகோ பல்கலைக்கழகத்தின் இணையத்தளத்தில் இலவசமாகத் தேடக் கிடைக்கின்றன.

வேற்றுமை உருபைக் கழற்றுங்கள்

இண்டிப்பேர் என்ற சொல்லையே பாருங்கள். இல்லு என்றால் வீடு. அது 'இண்டி' ஆகிப் பேரோடு சேர்கிறது. வீடு 'வீட்டு' ஆகி வீட்டுப்பேர் ஆவதுபோல. தெலுங்கு இண்டிப்பேர்கள் பெரும்பாலும் இப்படி 'உடைய' என்ற பொருள் தரும் வடிவத்தில் நிற்கும். அதைக் கழற்றினால்தான் மூலம் தெரியும்.

ஊரு என்பது ஊரி ஆகும். டங்குடூரி பிரகாசம் பந்துலுவின் இண்டிப்பேரில் இருப்பது டங்குடூரு என்ற ஊர். பாடு என்பது பாட்டி ஆகும். ஏரு, அதாவது ஆறு, ஏட்டி ஆகும். பன்மையின் லு, ல ஆகும்: ஆவு, ஆவுலு, ஆவுல, மாடுகளுடைய. மேக, மேகலு, மேகல, ஆடுகளுடைய. கடைசி 'ல' உங்கள் பேரில் இருந்தால் அதைக் கழற்றிவிட்டு மிச்சத்தைப் பாருங்கள். மரம், தானியம், விலங்கு, பண்டம் ஏதாவது கிடைக்கும். அதை 'லா' என்று நீட்டுவது இங்கிலீஷ் 'ஏ' எழுத்து செய்யும் வேலை.

கழற்றியபின் மிஞ்சுவது ஊர்ப் பேர் என்றால் தேடல் வேறு திசையில் போகும். இந்தப் பக்கத்து ஊர்களுக்கே இரண்டு பேர். தமிழில் கண்டிகை, தெலுங்கில் கண்ட்ரிக. தமிழில் பட்டி, அங்கே பல்லி. அதே பல்லியைத் தமிழ்ப் பலகை எழுதுகிறவர் பள்ளி என்று திருத்திவிடுவார், படிக்கிறவர் பள்ளிக்கூடம் என்றோ சமணப் பள்ளி என்றோ நினைப்பார். குப்பம் இரண்டு மொழியிலும் குப்பம்தான். ஒரே பேரில் பத்து ஊர் இருக்கும். எது உங்களுடையது என்று பேரை வைத்துச் சொல்லவே முடியாது. அந்த ஊரில் உங்கள் குலதெய்வம் இருக்கிறதா, உங்கள் சனம் இருக்கிறதா, அங்கே யாருக்காவது உங்களோடு தீட்டு உண்டா என்று பார்த்துத்தான் சொல்ல முடியும். ஊரை விட்டு வந்தவர்களுக்குத்தான் ஊர்ப் பேர் இண்டிப்பேர் ஆகும் என்பதையும் மறக்க வேண்டாம். சொந்த ஊரிலேயே இருந்தவனை யார் அந்த ஊர்ப் பேர் சொல்லிக் கூப்பிடப் போகிறார்கள்?

பேர் ஒன்றாக இருப்பதாலேயே உறவு என்று கட்டிப்பிடிக்கவும் வேண்டாம். ஊரிலிருந்தும் பண்டத்திலிருந்தும் வந்த பேர் பல சாதிகளில் இருக்கும்.

எந்த ஆபீசுக்குப் போவது

இங்கே கொஞ்சம் சரித்திரம் தெரியாமல் போனால் பஸ் செலவுதான் மிச்சம். உங்கள் ஊர் எந்த ஆண்டில் எந்தச் சர்க்காரின் கீழ் இருந்தது என்று ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.

சித்தூர் மாவட்டம் 1911 ஏப்ரல் 1 அன்று உண்டானது. அதற்கு முன் சித்தூர், சந்திரகிரி, பலமநேர் எல்லாம் வட ஆற்காடு. 1953 அக்டோபர் 1 அன்று ஆந்திர மாநிலம் பிரிந்தபோது திருத்தணியும் பள்ளிப்பட்டும் சித்தூரோடு சேர்ந்து அந்தப் பக்கம் போயின. ம.பொ.சி. நடத்திய வடக்கெல்லைப் போராட்டம், எல்லையைப் பிரித்துச் சொன்ன படாஸ்கர் தீர்ப்பு எல்லாம் நடந்து, 1960 ஏப்ரல் 1 அன்று அவை சென்னை மாநிலத்துக்குத் திரும்பின. அதே நாளில் சத்தியவேடு பக்கத்து ஊர்கள் செங்கல்பட்டு மாவட்டத்திலிருந்து ஆந்திரத்துக்குப் போயின. 2022-இல் திருப்பதி மாவட்டம் பிரிந்தபோது புத்தூர் அதனோடு போனது, நகரி சித்தூரோடு நின்றது. திருத்தணியில் ஒரே வீட்டில் இருந்த குடும்பம் வட ஆற்காடு, சித்தூர், செங்கல்பட்டு, இப்போது திருவள்ளூர் என்று நாலு மாவட்டம் பார்த்திருக்கிறது; காகிதமும் அதற்கேற்ப இடம் மாறியிருக்கும்.

இரண்டாவது கேள்வி, உங்கள் ஊர் ஜமீனா, சர்க்கார் ரயத்துவாரியா (குடியானவர் நேராகச் சர்க்காருக்கு வரி கட்டுவது), இனாமா (மானியமாக விட்ட நிலம்)? புத்தூர், திருத்தணிப் பக்கத்தில் நிறைய ஊர்கள் கார்வேட்டிநகரம் ஜமீனில் இருந்தவை. வடக்கே காளஹஸ்தி ஜமீன். ஜமீன் ஊர்களில் பழைய சர்க்கார் செட்டில்மெண்ட் பதிவேட்டில் உங்கள் முப்பாட்டனைத் தேடினால் கிடைக்க மாட்டார். ஜமீன் ஒழிப்புச் சட்டம் வந்தது 1948-இல். அதற்குப் பிறகுதான் அங்கே தனித்தனி ஆள் பேரில் சர்க்கார் பட்டா. அதற்கு முன்னால் கணக்கு ஜமீன் கணக்குப்பிள்ளையிடமும் கர்ணத்திடமும். இனாம் ஊர் என்றால் அதிர்ஷ்டம்: 1858-இல் போட்ட இனாம் கமிஷன் ஒவ்வொரு இனாமுக்கும் யார் கொடுத்தது, யார் அனுபவிக்கிறார், அவர் அப்பா யார் என்று விசாரித்துப் பதிவேடு எழுதிவைத்தது. பூசாரி மானியம், வெட்டியான் மானியம், தண்ணிப் பந்தல் மானியம் எல்லாம் அதில் உண்டு. பெரிய மனிதர்கள் வீட்டுக்கு மட்டும்தான் சரித்திரம் என்று நினைப்பவர்கள் அந்தப் பதிவேட்டை ஒருமுறை பார்க்க வேண்டும்.

இவை கிடைக்கும் இடம் சென்னை எழும்பூர் தமிழ்நாடு ஆவணக் காப்பகம். 1909-இல் மெட்ராஸ் ரெக்கார்டு ஆபீசாகத் தொடங்கியது. உங்கள் ஊர் இப்போது ஆந்திரத்தில் இருந்தாலும், மெட்ராஸ் ராஜதானிக் காலத்துக் காகிதத்துக்கு முதலில் தட்ட வேண்டிய கதவு அதுதான். தாலுகா பேர் அந்தக் காலத்துப் பேராக இருக்க வேண்டும். 'திருப்பதி மாவட்டம்' என்று எழுதிக் கேட்டால் எடுத்துத் தருகிறவருக்கு ஒன்றும் புரியாது.

உள்ளூரில் சப்-ரிஜிஸ்தர் ஆபீஸ். நிலத்தின் மேல் நடந்த பதிவுகளின் பட்டியலைக் கேளுங்கள்: தமிழ்நாட்டில் வில்லங்கம், ஆந்திரத்தில் ஈசி. கம்ப்யூட்டரில் ஏறிய ஆண்டுகளுக்கு வீட்டிலிருந்தே பார்க்கலாம். அதற்கு முந்தையவற்றுக்கு மனு போட்டுப் பழைய புத்தகத்தில் கையால் தேடச் சொல்ல வேண்டும். சர்வே நம்பரோ, பத்திர நம்பரும் வருஷமுமோ இல்லாமல் போகாதீர்கள். பழைய பத்திரத்தின் நகலில் முதல் பத்தியை மெதுவாகப் படியுங்கள். 'இன்ன கிராமத்திலிருக்கும் இன்ன சாதி இன்னார் குமாரர் இன்னார்' என்று அதிலேயே இரண்டு தலைமுறை கிடைத்துவிடும். நாலு எல்லை எழுதும் இடத்தில் 'இன்னார் வீட்டுக்கு வடக்கு' என்று பக்கத்து வீட்டுப் பேர் வரும். உங்கள் சொந்தப் பத்திரத்தில் இல்லாத உங்கள் வகையறாப் பேர், பக்கத்து வீட்டுக்காரர் பத்திரத்து எல்லையில் இருக்கும். எனக்கு இதைச் சொல்லிக் கொடுத்தவர் ஒரு பழைய பத்திர எழுத்தர். சொல்லிவிட்டு, டீக்குக்கூட நில்லாமல் போய்விட்டார்.

நிலக் கணக்குக்கு ஆந்திரத்தில் மீபூமி இணையத்தளத்தில் அடங்கலும் 1-பியும் பார்க்கலாம். இண்டிப்பேர் இன்றைக்குத் தெலுங்கில் எப்படி ஏறியிருக்கிறது என்று அறிய மட்டும் அது உதவும், பழமைக்கு உதவாது.

பாகத் தகராறு என்றைக்காவது கோர்ட்டுக்குப் போன குடும்பமா? வெட்கப்படாமல் சந்தோஷப்படுங்கள். அந்த வழக்கின் பிராதில் வம்சாவளி மரம் போட்டிருப்பார்கள், எதிர்த் தரப்பு அதை வரிக்கு வரி சண்டை போட்டுச் சரிபார்த்திருக்கும்.

கர்ணம் வீட்டையும் விட்டுவிட வேண்டாம். தமிழ்நாட்டில் 1980-இலும் ஆந்திரத்தில் 1984-இலும் பரம்பரைக் கிராம அதிகாரிகள் பதவி போயிற்று. அதுவரை கணக்குகள் அவர்கள் வீட்டுத் திண்ணையில்தான். எல்லாவற்றையும் ஒப்படைத்துவிட்டதாகச் சொல்வார்கள். பரணில் ஒரு மூட்டை இருக்கத்தான் செய்யும். அதைக் கேட்கிற விதத்தில் கேட்க வேண்டும். நிலத் தகராறுக்கு வந்தவன் என்று நினைத்துவிட்டால் கதவு மூடிவிடும்.

குலதெய்வக் கோயில் நோட்டு

எங்கள் முடிச்சு அவிழ்ந்தது ஆபீசில் இல்லை. பள்ளிப்பட்டுப் பக்கம் எங்கள் அம்மன் கோயிலில் ஆடி மாதக் கூழ் வார்த்தலுக்குத் தலைக்கட்டு வரி உண்டு. அப்பா வருஷா வருஷம் போய்ப் பணம் கட்டிவிட்டு வருவார். ஒருமுறை நான் போனேன். வரி எழுதுகிறவர் நோட்டைப் புரட்டி, 'நகரிதானே? ஆட்டுக்கார வீடு' என்று சொல்லிக்கொண்டே டிக் போட்டார். எங்களை அந்தப் பேரில் யாரும் கூப்பிட்டதை நான் கேட்டதில்லை. நோட்டை வாங்கிப் பார்த்தால் ஆட்டுக்கார வகையறா என்று ஒரு பக்கம். மேலே பள்ளிப்பட்டுப் பங்காளிகள் ஆறு வீடு, கீழே நகரி என்று கோடு போட்டு நாங்கள். பள்ளிப்பட்டிலேயே தங்கிவிட்டவர்களுக்குத் தமிழ்ப் பேரே நின்றுவிட்டது. எங்களுக்கு ஒரு தெலுங்குக் கர்ணம் அதை மேகல என்று பெயர்த்து எழுதிக்கொண்டிருக்கிறார். பேரை முதலில் எழுதியவரைத் தேடுங்கள் என்று தொடக்கத்தில் சொன்னது இதனால்தான்.

தலைக்கட்டு நோட்டு, திருவிழா வரவு செலவு, கோயில் சுவரில் 'உபயம்' கல், மணி, குத்துவிளக்கில் வெட்டிய பேர், பொங்கல் வைக்கும் வரிசையில் யார் யாருக்குப் பின்னால் என்ற முறை எல்லாம் சான்றுதான். பழைய நோட்டுகளைப் பூசாரியிடம் கேட்டுப் போட்டோ எடுங்கள். வெள்ளையடிக்கும் முன் சுவரையும்.

பேர் கைமாறும் இடங்கள்

தேடல் ஒரு தலைமுறையில் திடீரென்று அறுந்தால் அங்கே தத்து இருக்கிறதா என்று பாருங்கள். தத்துப் பிள்ளை போன வீட்டுப் பேரை எடுத்துக்கொள்வான். வீட்டோடு மாப்பிள்ளை வந்த இடமும் அப்படித்தான். தெலுங்கில் இல்லரிகம் என்பார்கள். சில வீடுகளில் அவர் பிள்ளைகள் அம்மா வீட்டுப் பேரிலேயே வளர்ந்திருப்பார்கள். இதைக் குறையாக நினைத்து மறைப்பவர்கள் உண்டு. பெரியவர்கள் ஒரு பேர் வரும்போது பேச்சை மாற்றினால், பெரும்பாலும் அங்கேதான் விஷயம்.

பெண்களுக்குத் தெலுங்கு வழக்கில் கல்யாணத்தோடு இண்டிப்பேர் மாறிவிடும். தமிழ் வழக்கில் இனிஷியல் மாறும். ஆகவே ஒவ்வொரு பாட்டிக்கும் பிறந்த வீட்டு இண்டிப்பேர் என்று தனிப் பத்தி போடுங்கள். இது போடாததால் என் முதல் வரைபடத்தில் அவ்வாக்கள் எல்லோரும் வானத்திலிருந்து விழுந்தவர்கள் மாதிரி நின்றார்கள்.

பாடுகிறவர்கள், கல்வெட்டுகள்

தெலுங்குச் சனங்களில் சில சாதிகளுக்கு இண்டிப்பேரும் கோத்திரமும் பாடிச் சொல்லும் வழக்கம் உண்டு. ரெட்டி, காப்பு வீடுகளுக்குப் பிச்சிகுண்ட்ல வாள்ளு, பத்மசாலிகளுக்குக் கூனபுலி. அறுவடைக்குப் பின் வந்து உங்கள் வீட்டு வாசலில் உங்கள் முப்பாட்டனைச் சொல்லி நெல் வாங்கிப் போவார்கள். இப்போது குறைந்துவிட்டார்கள். உங்கள் வீட்டுக்கு அப்படி யாராவது வந்துகொண்டிருந்தார்களா என்று கேளுங்கள். வந்தால் உட்காரவைத்துப் பதிவு செய்யுங்கள். பாட்டில் பேர் வரும் வரிசை அநேகமாகச் சரியாக இருக்கும், பெருமை மட்டும் கூடுதலாக இருக்கும். காசிக்குப் போய்ப் பிண்டம் போட்ட முன்னோர் இருந்தால் அங்கே பண்டாக்களின் (அந்த ஊர்ப் புரோகிதர்களின்) பேரேட்டில் கையெழுத்துக் கிடைக்கும்.

கல்வெட்டில் இறங்க ஆசை வரும். திருமலைக் கோயில் கல்வெட்டுகளில் பெரும்பகுதி தமிழில்தான். சோழர் காலத்தில் நிலம் வைத்திருந்தவர் இன்ன ஊர் உடையான், இன்ன ஊர் கிழான் என்று எழுதிக்கொண்டார். ஊரைப் பேருக்கு முன்னால் போடும் வழக்கம் தெலுங்கர்கள் மட்டும் வைத்திருந்தது இல்லை. படிக்க நன்றாக இருக்கும். ஆனால் அந்தக் கல்லிலிருந்து உங்கள் தாத்தா வரைக்கும் இடையில் ஐந்நூறு வருஷம் காகிதம் இல்லாமல் கிடக்கும். அதை ஊகத்தால் நிரப்பிக்கொண்டு 'நாங்கள் இன்ன தளபதி வம்சம்' என்று அச்சடித்த வம்சாவளிகள் ஊருக்கு நாலு இருக்கின்றன. பாளையக்காரர் குடும்பங்களுக்கு வெள்ளைக்கார அதிகாரி மெக்கன்சி சேகரித்த கைபீதுகளில், அதாவது ஊர், குடும்ப வரலாற்றுக் குறிப்புகளில், நிஜமாகவே விஷயம் உண்டு. சென்னைக் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்தில் கேட்கலாம். மற்றவர்கள் காகிதம் நிற்கும் இடத்தில் தாங்களும் நிற்பது நல்லது. என் கணக்கு என் தாத்தாவின் தாத்தாவோடு நிற்கிறது. அவருக்கு எத்தனை ஆடு இருந்தது என்றுகூடத் தெரியாது.

எழுத்தை நிலைநிறுத்துவது

கண்டுபிடித்ததைக் குடும்பத்தோடு உட்கார்ந்து பேசி, தமிழில் எப்படி, தெலுங்கில் எப்படி, இங்கிலீஷில் எப்படி என்று மூன்று வரி தீர்மானியுங்கள். வேலையில் இருப்பவர்களின் பழைய சர்டிபிகேட்டைத் திருத்தக் கிளம்ப வேண்டாம். ஒன்றைத் திருத்தினால் பத்தைத் திருத்த வேண்டி வரும். இனிப் பிறக்கும் பிள்ளைகளிலிருந்து ஆரம்பித்தால் போதும். அந்த மூன்று வரியை ஒரு அட்டையில் எழுதி எல்லார் போனிலும் போட்டோவாக வைத்துக்கொள்ளுங்கள். வாயால் சொல்லாதீர்கள், எழுதிக் காட்டுங்கள்.

போன மாசம் தம்பி மகனுக்குப் பிறப்புச் சான்றிதழ் வாங்கப் போனோம். கிளார்க் தட்டிவிட்டுத் திரையைத் திருப்பிக் காட்டினார். தெலுங்கு வரியில் மேகத்துக்கு எழுதும் அதே கனமான 'க'. அட்டையை நீட்டினேன். பார்த்துவிட்டு, 'ஓ, மேகலா! ஆடா?' என்று சிரித்தார். ஆமாம் ஆடுதான் என்றேன். எழுத்தை மாற்றிவிட்டு அச்சுப் போட்டுக் கொடுத்தார். பெரியப்பாவுக்கு மட்டும் இன்னும் மனசு ஆறவில்லை.